இரண்டாம் அறை

இதை இடது கைச் சுட்டுவிரலால் கைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி எழுதுகிறேன். வலது கை இருக்கிறது, ஆனால் சட்டைப் பொத்தான் பூட்டக்கூட அதற்கு இப்போது தெரியாது. வாயால் சொல்லி யாரையாவது எழுத வைக்கலாம் என்றால், நான் சொல்வது என் மனைவி புஷ்பத்துக்கு மட்டுமே விளங்கும், அதுவும் பாதிதான். மிச்சப் பாதியை அவள் தன்பாட்டுக்கு இட்டுக்கட்டிக்கொள்வாள். தலையணை கேட்டால் தண்ணீர் வரும். பலமுறை குடித்திருக்கிறேன்.

நோயிலிருந்து எழும்பியவர்கள் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காக எழுதுவார்கள். என்னிடம் தைரியம் இல்லை, தகவல்தான் இருக்கிறது. முகம் ஒரு பக்கம் இழுபட்டால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் பெரும்பாலும் இரத்தக்கட்டி அடைத்திருக்கும். அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். பிந்திப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்துவிடும் என்று டாக்டர்மார் போடமாட்டார்கள். ஆகவே மணியைப் பார்த்துவிட்டு ஓடுங்கள். அவசரமாக இருப்பவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்தினால் போதும். மிச்சம் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பற்றியது.

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதுவதுதான் வேலை. அந்த முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்னதை ஒரு சாரதிகூடக் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நித்திரையும் போய்விட்டது. அப்படித்தான் ரேடியோவில் அந்த நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கினேன். கிழமையில் இரண்டு நாள், நடுச்சாமத்தில் வரும். பெயர் 'பன்னிரண்டு மணிப் படலை'. வேலி வாசல் கதவைத்தான் எங்கள் பக்கத்தில் படலை என்போம். பேய், முனி, ஆவி கண்டவர்கள் தொலைபேசியில் வந்து கதை சொல்வார்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தண்ணீருக்கு மேல் நடந்த பெண், பூட்டிய வீட்டுக்குள் மல்லிகைப்பூ வாசம், செத்த தகப்பனின் குரலில் கூப்பிட்ட பூனை. புஷ்பம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்பாள். நான் கேட்டுக்கொண்டே, இவர்களைவிட நான் நன்றாகச் சொல்லுவேனே என்று நினைப்பேன்.

ஒருநாள் எடுத்தேன். கடைசி பஸ் போன பிறகு சாரதி இல்லாத ஒரு பஸ் நிலையத்துக்குள் வந்து நின்றதாகவும், பழக்கதோஷத்தில் நான் அதன் நேரத்தைக் கொப்பியில் பதிந்ததாகவும், விடிய அந்த வரி மட்டும் அழிந்திருந்ததாகவும் சொன்னேன். அப்படி ஒரு பஸ் வரவில்லை. அறிவிப்பாளர் தம்பி சொக்கிப்போனார். "எப்பிடி ஒரு குரல், நேயர்களே! எப்பிடி ஒரு நிதானம்!" என்றார். அடுத்த கிழமையிலிருந்து நான் மாஸ்டர் ஆனேன். ஒரு பிள்ளைக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்காத மாஸ்டர். யாராவது தங்கள் வீட்டுச் சங்கதியைச் சொல்லி முடித்ததும், "இதுக்கு எங்கடை பருத்தித்துறை மாஸ்டர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்" என்பார் தம்பி. நான் தொண்டையைச் செருமிவிட்டு, "பயப்பிடாதேங்கோ, நான் சொல்லுறன்" என்று தொடங்குவேன். சலூனில் முடி வெட்டுகிறவன்கூட அதை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுவான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஓர் இரவு அரியாலையிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். கதை சொல்ல அல்ல.

"அண்ணை, என்ரை மனுசன் வெளியிலை போட்டு வந்தவர். சாப்பிட இருக்கேக்கை வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. சோத்தைக் கையிலை எடுக்கேலாமல் கிடக்குது. மாமி சொல்லுறா முனி அறைஞ்சு போட்டுதாம். மெய்யே?"

வாய் கோணினால் முனி அறைந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வழக்கம்தான். தம்பி பின்னணி இசையைச் சற்றுக் கூட்டினார். "மாஸ்டர்?" என்றார்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் சொல்லுறன். உது முனியின்ரை அறைதான்."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டோ அண்ணை? பக்கத்து வீட்டிலை ஓட்டோ நிக்குது."

ஓட்டோ நிற்கிறது என்று அவள் சொன்னது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஓம், கொண்டுபோங்கோ என்று சொல்லியிருந்தால் என் பங்கு அதோடு முடிந்திருக்கும். முனியைப் பற்றித் தெரிந்த மாஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை? தம்பி வேறு, ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதாகச் சொன்னார். நிகழ்ச்சியின் பெயரில் இருந்த படலை என் நாக்கில் வந்து நின்றது.

"அவசரப்படக்கூடாது. அறை வாங்கினவர் இருட்டிலை படலை தாண்டினால் ரெண்டாம் அறை விழும். அதிலை ஆள் தப்பாது. சேவல் கூவும்வரைக்கும் படுக்க வையுங்கோ. தலைமாட்டிலை வேப்பிலை. விடிஞ்சாப்பிறகு எங்கை வேணுமெண்டாலும் கொண்டு போகலாம்."

இப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. ஊரில் எவரும் சொல்லி நான் கேட்டதுமில்லை. வாயைத் திறந்து அந்த வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் உண்டாக்கியது. "பெரிய உபகாரம் அண்ணை" என்று அவள் வைத்துவிட்டாள். மறுநாள் மீன் சந்தையில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, இரண்டாம் அறையைப் பற்றித் தங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டதே என்றார்கள். அந்தப் பெண்ணின் புருஷனுக்கு என்ன ஆயிற்று என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் போனது. அன்றைக்கும் நிகழ்ச்சி. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு என் முறைக்காக விறாந்தையில் காத்திருந்தேன். ரேடியோ உள்ளே புஷ்பத்தின் பக்கத்தில் இருந்தது. தம்பி "மாஸ்டர்!" என்று கூப்பிட்டதும் வழக்கம்போலத் தொடங்கினேன். நான் சரியாகப் பேசுவதாகத்தான் எனக்குத் தோன்றியது. ரேடியோவில் குரல் சில விநாடி பிந்தித்தான் வரும். உள்ளேயிருந்து வந்த அந்தக் குரல் வாய் நிறையச் சோறு வைத்துக்கொண்டு பேசுகிற ஒருவனுடைய குரல். யாரடா இது என்று நினைத்தேன். கைபேசி என் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை அதற்குப் பக்கத்தில் போய்த் தட்டுப்பட்டதே தவிர விரல்கள் பிடிக்கவில்லை.

ரேடியோவில் தம்பி சொன்னார்: "நேயர்களே, கவனமாக் கேளுங்கோ. இது எங்கடை மாஸ்டரின்ரை குரல் இல்லை. மாஸ்டரை ஏதோ ஒண்டு அறைஞ்சு போட்டுது!" பிறகு நாய் ஊளையிடும் இசை. அதற்குப் பிறகு தேயிலை விளம்பரம்.

புஷ்பம் ஓடிவந்து விளக்கைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் செய்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். முற்றத்து வேம்பில் ஒரு கொப்பை முறித்துவந்து தலைமாட்டில் வைத்தாள். படலைக்குச் சங்கிலி போட்டாள். என் நெற்றியில் திருநீறு பூசி, காலடியில் இருந்து தேவாரம் படித்தாள். நான் எழும்பப் பார்த்தபோதெல்லாம் நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள்.

"இஞ்சருங்கோ, அசையாதேங்கோ. நீங்கள்தானே சொன்னனீங்கள், இருட்டிலை தாண்டினால் ரெண்டாம் அறை விழுமெண்டு. சேவல் கூவட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்."

அது நான் விட்ட புளுகு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கத்தினேன். வெளியே வந்தது எச்சில். அவள் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். சுவர் மணிக்கூடு எனக்கு நேரே இருந்தது. ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது, மூன்று அடித்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பிந்துவதைப் பதிந்தவன், அன்றைக்கு என்னுடையதை ஒரு நிமிடம் விடாமல் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பயம் வந்ததைவிட அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. அவளுக்கு ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. கை எழும்பவில்லை.

பக்கத்து வளவுச் சேவல் ஐந்தேகாலுக்குக் கூவியது. ஓட்டோவில் பருத்தித்துறை ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். என்னைச் சக்கரக் கதிரையோடு தள்ளிக்கொண்டு போகும்போதே ஓர் இளம் டாக்டர் கூட வந்து, "அம்மா, கடைசியா எத்தனை மணிக்கு இவர் நல்லா இருந்தவர்?" என்று கேட்டார். "பன்னிரண்டேகால் டொக்டர். ரேடியோவிலை கதைச்சுக்கொண்டிருந்தவர்" என்றாள் புஷ்பம், பெருமையை விடாமல். டாக்டர் தன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு மணி. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் நடை மெதுவாகிவிட்டது. இனி ஓடத் தேவையில்லை என்று எனக்கு விளங்கியது.

சீ.ரி. ஸ்கான் என்பது பெரிய வளையத்துக்குள் தலையைச் செலுத்திப் படம் எடுப்பது. நோகாது. ஆட்டினால் படம் கலங்கிவிடும் என்பார்கள், ஆனால் அப்போதுதான் மூக்கு அரிக்கும். மூளையில் இரத்தக்கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று சொன்னார்கள். இதயத் துடிப்பின் படம், கழுத்துக் குழாயின் ஸ்கான், சீனி, கொழுப்பு என்று அன்று முழுக்கப் பார்த்தார்கள். பிறகு ஒரு கரண்டி தண்ணீர் தந்து விழுங்கச் சொன்னார்கள். புரையேறி இருமினேன். தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்குப் போனால் சளிக்காய்ச்சல் வந்து ஆள் முடிந்துவிடுவாராம். அதனால் தண்ணியாக எதுவும் கூடாது. கஞ்சியைத் தடிப்பாக்கி, நாடியை நெஞ்சில் முட்ட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கரண்டியாக விழுங்க வேண்டும். ஐம்பதாண்டுக்கு மேல் தெரிந்திருந்த ஒரு வேலையை மறுபடி படித்தேன்.

ஸ்கான் முடிந்து ஆண்கள் விடுதிக்குக் கொண்டுவந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவியும் புஷ்பமும் ஏற்கெனவே கூட்டாகியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். செல்வராணி என்று பெயர். அவளுடைய புருஷன் தவராசா அரியாலைக் கடலில் இறால் பிடிக்கிறவராம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, மூக்கால் குழாய் விட்டுப் பால் ஏற்றினார்கள். நுரையீரலில் சளி பிடித்து இரண்டாம் தடவையாக வந்திருக்கிறார்கள். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்: "ஓம்". பசிக்கிறதா என்றாலும் ஓம், பசிக்கவில்லையா என்றாலும் ஓம். சில பேருக்குப் பாரிசவாதம் எல்லாச் சொற்களையும் அள்ளிக்கொண்டுபோய், ஒன்றை மட்டும் விட்டுவைக்குமாம்.

எனக்கு அப்படி இல்லை. மறுநாள் காலையில் பேச்சுப் பயிற்சி தருகிற பிள்ளை வந்து விளக்கமாகச் சொன்னாள்.

"ஐயா, சொல்லெல்லாம் உங்கடை தலைக்குள்ளை பத்திரமா இருக்குது. நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை போற வழிதான் அடைபட்டிட்டுது. மூளை புது வழி தேடும். ஆனா அது மும்முரமாத் தேடுறது இந்த முதல் நாளுகளிலைதான். இப்ப சத்தமாக் கதைச்சுக் கதைச்சுக் குடுத்தீங்களெண்டால் குரல் திரும்பும். வெக்கத்திலை வாயை மூடினீங்களெண்டால் பேந்து கஷ்டம். சரியோ?"

நான் பேராசையோடு தலையாட்டினேன். எனக்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். கை போகட்டும், கால் போகட்டும், குரல் மட்டும் வந்தால் போதும் என்று இருந்தது. "ஆ" என்று கத்தச் சொன்னாள், விடுதி முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "பா, தா, கா" சொன்னேன். "வாழைப்பழம்" சொல்லச் சொன்னாள். "வாயப்பயம்" வந்தது. பரவாயில்லை, நாளைக்கு ழ வரும் என்றாள். "தண்ணி" மட்டும் அன்றைக்கே தெளிவாக வந்தது. அந்தச் சொல்லில் என் பழைய குரல், அந்தக் கனத்த குரல், அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் துவாய் மடித்துக்கொண்டிருந்த செல்வராணி தலை நிமிர்ந்தாள்.

புஷ்பம் பருத்தித்துறையிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் காலைச் சாப்பாட்டு நேரம் போய்விடும். "நான் தீத்திவிடுறன் அக்கா, இவருக்குக் குழாயாலைதானே" என்று செல்வராணி அந்த வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டாள். அன்று கஞ்சிக் கோப்பையோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். முதல் கரண்டி. நாடியைப் பிடித்துத் தாழ்த்திவிட்டாள்.

"இவருக்கு வந்தது ராவிலை அண்ணை. பக்கத்து வீட்டு ஓட்டோ ஸ்ராட்டிலை நிண்டது. நான் மடைச்சி, ரேடியோவுக்குப் போன் எடுத்தன்."

இரண்டாம் கரண்டி வாய்க்குள் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஆரோ பருத்தித்துறை மாஸ்டராம். பயப்பிடாதேங்கோ தங்கச்சி எண்டான். படலை தாண்டாதேங்கோ எண்டான். விடியும்வரைக்கும் இவரைப் பிடிச்சு அமத்திக்கொண்டு கிடந்தன் அண்ணை. என்ரை கையாலை. இவர் எழும்ப எழும்ப அமத்தினன்." மூன்றாம் கரண்டி. "நீங்களும் பருத்தித்துறைதானே, அந்தாளைத் தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினேன். "அ" என்றுகூடச் சத்தம் எழுப்பவில்லை.

அன்றிலிருந்து நான் ஊமை. பயிற்சிப் பிள்ளை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போலக் கிடந்தேன். தட்டி எழுப்பினால் உதட்டை மட்டும் அசைத்தேன். "ஐயா, நேற்று நல்லாக் கத்தினீங்களே! சத்தம் வரவேணும் ஐயா. நாளுகள் போகுது" என்று அவள் கெஞ்சினாள். போகுது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் குரல் வந்துவிடும். வந்தால் மூன்றடி தள்ளியிருக்கும் ஒருத்திக்கு அது கேட்கும். அவளுக்கு அந்தக் குரல் எங்கே கேட்டாலும் தெரியும். இன்றைக்கு ஒருநாள் பொறுப்போம், அவள் புருஷனை வேறு விடுதிக்கு மாற்றினதும் கத்தலாம் என்று எண்ணிக்கொள்வேன். மாற்றவில்லை. புஷ்பம் தினமும் ஒரு சாமானாகக் கொண்டுவந்தாள். ஒருநாள் நல்லூரான் திருநீறு, ஒருநாள் தேன், ஒருநாள் நாக்கில் தடவ வசம்பு. என் நாக்கைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்துவிட்டு, "ஒருக்கா என்ரை பேரைச் சொல்லுங்கோவன்" என்பாள். செல்வராணி பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்லமாட்டேன். புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள்.

செல்வராணி ஒவ்வொரு நாள் காலையிலும் கஞ்சியோடு அந்தக் கதையையும் கொண்டுவந்தாள். புஷ்பம் இருக்கும்போது ஒருநாளும் எடுக்கமாட்டாள், அது என் நல்லகாலம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கூடும். கடலுக்குப் போக ஆளில்லாமல் வள்ளம் கரையில் வெடித்துக்கிடப்பது. மகள் உயர்தரப் படிப்பை விட்டுவிட்டுத் தகப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளுவது. "அந்த மாஸ்டரின்ரை நாக்கு அழுகவேணும் அண்ணை. புழுத்து அழுகவேணும்" என்று சொல்லிவிட்டு, என் கடைவாயில் வழிந்ததைக் கரண்டி விளிம்பால் பதமாக வழித்து மறுபடி வாய்க்குள் விடுவாள். இவ்வளவு பொறுமையாக என் தாய்கூட எனக்குத் தீத்தியிருக்கமாட்டாள். கஞ்சிக்கு உப்பு, உறைப்பு எல்லாம் சரியாக இருக்கும். நான் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் விழுங்கினேன்.

இரவில் ஆண்கள் விடுதியில் பெண்கள் நிற்கக்கூடாது. விளக்கைத் தணித்த பிறகு நானும் தவராசாவும்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தாங்கமுடியாமல், மெல்லிய சத்தத்தில் பயிற்சி செய்து பார்த்தேன். பா, தா, கா. அவர் முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கேட்கிற ஆள் ஒருவர் கிடைத்தவுடன் என் நாக்கு அரித்தது. அந்தப் பழக்கம் நரம்பு செத்தாலும் சாகாது போலிருக்கிறது.

"அ...து நான்தான்," என்றேன் குழறிக் குழறி. "ரேடியோ."

"ஓம்," என்றார்.

"பொய் சொன்னனான்."

"ஓம்."

"மன்னிப்பியளோ?"

"ஓம்."

எனக்கு நெஞ்சு லேசானது. உண்மையாகவே லேசானது, அன்று நன்றாக நித்திரை கொண்டேன். விடிய தாதி மிஸ் வந்து "தவராசா, ராத்திரி செத்துப்போனீங்களோ?" என்று பகிடியாகக் கேட்டபோது அதற்கும் அவர் ஓம் என்றார்.

பத்தாம் நாள் என்னைத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்பதை எங்கள் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் கால் நன்றாக வந்திருக்கிறது என்றார். பயிற்சிப் பிள்ளை என் அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, குரலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கிளினிக்குக்கு வரச் சொன்னாள். என்னைக் கூட்டிப்போக அன்று ஓட்டோவில் விடியவே வந்துவிட்ட புஷ்பம் மருந்து எடுக்கப் போனாள். மருந்து வரிசை நீளம். செல்வராணி கடைசித் தடவையாகக் கஞ்சியோடு வந்தாள். தீத்தி முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, போகேக்கை ஒண்டு சொல்லவேணும். நீங்கள் ஆரெண்டு எனக்கு வந்தண்டே தெரியும்."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டாள்.

"உங்களை ஸ்கான் எடுக்கக் கொண்டு போகேக்கை அக்கா சொன்னவா. என்ரை மனுசன் ரேடியோவிலை கதைக்கிறவர், மாஸ்டர் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவா, பாவம். அவாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்தநாள் காலமை சுடுகஞ்சியை உங்கடை மூஞ்சையிலை ஊத்துவமெண்டுதான் வந்தனான். நீங்கள் அந்தப் பிள்ளைக்கு முன்னாலை ஆ ஆ எண்டு கத்திப்போட்டு, சந்தோசமா இருந்தியள். ஊத்துறதுக்கு முதல் கதையைச் சொல்லுவம் எண்டு தொடங்கினன். உங்கடை வாய் மூடிச்சுது."

அவள் குரலில் கோபம் இல்லை. சந்தையில் மீன் வாங்கின கதையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"மற்றநாளும் சொன்னன், மற்றநாளும் மூடினியள். எனக்குப் பயந்துதான் கதைக்கிறியளில்லை எண்டு விளங்கிச்சுது. இந்த நாளுகள் போனால் குரல் வராதெண்டு அந்தப் பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டதுதானே. 'எனக்குத் தெரியும் அண்ணை, பயப்பிடாமல் கதையுங்கோ' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. நீங்கள் கிடந்து மூடிக்கொண்டிருக்கிறதைப் பாத்துக்கொண்டிருந்தன்."

பக்கத்துக் கட்டிலில் தவராசா காரணமில்லாமல் "ஓம்" என்றார். அவள் திரும்பிப் பார்த்து அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

நான் அவளுடைய சேலையை இடது கையால் பிடித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ தங்கச்சி என்று சொல்ல வேண்டும். தலைக்குள் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருந்தது, பிள்ளை சொன்னதுபோலப் பத்திரமாக இருந்தது. அந்த ஓர் இரவைத் தவிர எட்டு நாளாக அசையாத நாக்கைப் புரட்டினேன். "ம...ஞ்ஞி" என்று ஏதோ வந்தது, கூடவே கஞ்சியும் வந்தது.

அவள் குனிந்து காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "என்னண்ணை? விளங்கேல்லை."

மறுபடி சொன்னேன்.

"விளங்கேல்லை அண்ணை. ஆறுதலாச் சொல்லுங்கோ."

மூன்றாம் முறை விடுதி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மிஸ்மார் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராணி தன் துவாயால் என் நாடியை இரண்டு பக்கமும் வடிவாகத் துடைத்தாள், பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போர்வைக்கு மேல் வைத்தாள்.

"ஒண்டும் விளங்கேல்லை," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள். அவளுக்கு முதல் தரமே விளங்கியிருந்தது.